மேற்கே திரும்பி நின்ற வண்டி

இந்நிகழ்ச்சியை எழுதி வைத்தாக வேண்டும் என்ற எண்ணம் சில காலமாக என்னை விடாது பற்றியிருக்கிறது. எங்கள் உறவினர் இல்லங்களில் இது இருவேறு வடிவங்களில் வழங்குகிறது. பாதி வழியில் நான் மனம் தளர்ந்து வண்டியை வீட்டுக்கே திருப்பிவிட்டேன் என்பது ஒன்று. இலஞ்சி முருகன் வண்டியை மறித்து நிறுத்திப் பின்னர் வழிவிட்டான் என்பது மற்றொன்று. முருகனோடு எனக்கு வழக்கில்லை. ஆயினும் இரண்டும் நடந்தவை அல்ல. வண்டியின் முகப்பில் இருந்த ஒரு சிறு கண்ணாடியும், அதனுள் ஏறி இறங்கிய செந்நிறக் கோடும் இவ்விரு கதைகளிலும் இடம்பெறுவதில்லை. அவற்றை நீக்கிவிட்டால் அன்று நாங்கள் செய்தவை யாவும் பித்தர் செயலாகவே தோன்றும். அன்று வண்டியில் இருந்தவர்களுள் என் மாமியாரும் ஓட்டுநரும் இப்போது இல்லை. நானும் என் மனைவியும் எஞ்சியுள்ளோம். "எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க. ஒங்களுக்குத் தோதானத மட்டும் எழுதாதிய" என்பது அவள் இட்ட நிபந்தனை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. நான் தென்காசியில் தமிழாசிரியனாக இருந்தேன். என் மனைவி மூன்றாம் முறையாகக் கருவுற்று, இலஞ்சியில் தன் தாய்வீட்டில் இருந்தாள். முன்னைய இரண்டு பேறுகளும் அவ்வீட்டிலேயே நிகழ்ந்தன. இரண்டு முறையும் வலி நெடுநேரம் நீண்டது. இரண்டு முறையும் குழந்தை மூச்சின்றிப் பிறந்தது. இரண்டாவதற்குப் பின்னர் அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் ஆராய்ந்து பார்த்துவிட்டு, குழந்தை வெளிவரும் வழி குறுகலாக இருக்கிறது என்றும், அடுத்த முறை கருவி கொண்டு எடுக்க நேரும் என்றும் சொன்னார். "வலி கண்டவுடன் இங்கே வந்துவிட வேண்டும். வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் மூன்றாவதும் இப்படியே ஆகும்" என்று எதையும் மறைக்காமல் கூறினார்.

முன்கூட்டியே பாளையங்கோட்டையில் ஒரு வீடு பிடித்து அவளைத் தங்கவைப்பதே முறை. என் மாமியார் அதற்கு இணங்கவில்லை. முன்பின் அறியாத ஊரில், யார் யாரோ குடியிருந்த வீட்டில், தன் மகள் மாதக்கணக்கில் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. பலநாள் வாதத்துக்குப் பிறகு, வலி கண்டபின் இலஞ்சியிலிருந்து புறப்படுவது என்ற உடன்பாட்டுக்கு வந்தோம். புகைவண்டி இருந்தது, ஆனால் அது தன் நேரத்துக்குத்தான் வரும், வலியோ அதன் நேரத்துக்கு வரும். ஆகவே எங்கள் நம்பிக்கை முழுவதும் என் மாமனார் விட்டுச்சென்ற மோட்டார் வண்டியின்மேல் இருந்தது.

அது மலைக்கு அப்பால் தேயிலைத் தோட்டம் ஒன்றில் உழைத்து ஓய்ந்தபின் என் மாமனார் கைக்கு வந்த திறந்த வண்டி. மேலே துணிக்கூரை, பக்கங்களில் ஒன்றுமில்லை. அதனோடு கூடவே வந்தவர் ஓட்டுநர். செங்கோட்டைக்காரர். தோட்டத்தில் பல ஆண்டுகள் இருந்தமையால் தண்ணீரை 'வெள்ளம்' என்று மலையாள வழக்கிலேயே சொல்வார். என் மாமனார் மறைந்தபின் அவ்வண்டிக்கு அவரே உரிமையாளர் போல நடந்துகொண்டார். என் மாமியார் அதனைக் குறையாகக் கொண்டதில்லை.

இக்காலத்து வண்டிகளில் பொறியின் வெப்பத்தைக் காட்டும் கருவி ஓட்டுநரின் கண்முன் உள்ளே இருக்கிறது. அவ்வண்டியில் அது வெளியே, மூக்கின் நுனியில் இருந்தது. பொறியைக் குளிர்விக்கும் நீர் நிறைந்த தொட்டியை ரேடியேட்டர் என்று யாவரும் அறிவர். அதன் வாயைத் திருகி மூடும் மூடியின்மேல் உள்ளங்கை அளவில் ஒரு வட்டக் கண்ணாடி நிமிர்ந்து நிற்கும். மூடியின் அடியிலிருந்து ஒரு தண்டு தொட்டியின் கழுத்துக்குள் இறங்கும். தண்டு சூடேறினால் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடு உயரும். நடுவில் ஒரு வெள்ளைக் கீறல். கோடு கீறலுக்குக் கீழே நின்றால் நலம். அதனைத் தாண்டினால் நீர் கொதிக்கப்போகிறது என்று பொருள். நீர் கொதித்து வற்றிய பின்னும் வண்டியை ஓட்டினால் பொறியின் உள்ளுறுப்புகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும்; பிறகு அதனை நகர்த்த மாடுகள்தாம் வேண்டும்.

என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்தபோது, வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று நானும் ஓட்டுநரும் மட்டும் ஐந்தருவிக்குப் புறப்பட்டோம். மெல்லிய சாரல் விழுந்துகொண்டிருந்தது. வழி நெடுகிலும் நான் கோட்டையே பார்த்துக்கொண்டு சென்றேன். அது அடியிலேயே கிடந்தது. வண்டி குளிர்ந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். அருவிக்கு அருகே கடைகளின் முன் நிறுத்தியதும் முகப்பிலிருந்து சீறும் ஒலி எழுந்தது. மிகைநீர் வழியும் சிறுகுழாய் வழியே ஆவி பீறிட்டது. கோடு அப்போதும் கீறலை நெருங்கவில்லை.

பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்று ஓட்டுநரைப் பார்த்துக் கூவினாள்: "ஏ அண்ணாச்சி! அருவி அங்கன விழுது. ஒம்ம வண்டி எதுக்கு இங்கன தனியா ஒண்ண விடுது?"

"நீ ஒஞ்சோலியப் பாருட்டி. சுளையில ஈ மொய்க்குது" என்றார் ஓட்டுநர். ஆனால் அவர் முகம் வெளிறியிருந்தது. சாக்கை நனைத்து மூடியைப் பற்றி மெல்லத் திருகினார். உள்ளே நீர் பாதிக்கும் கீழே இறங்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. "வெள்ளம் காலியாயிட்டே ஐயா" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். நீர் கொதிக்கிறது, கருவி நலம் என்கிறது. இதே வண்டியில், இதே கருவியை நம்பி, என் மனைவியை ஏற்றிக்கொண்டு, பாளையங்கோட்டை வழியில் ஆலங்குளத்துக்கு அப்பால் உள்ள வெற்றுவெளியில் நான் போய்க்கொண்டிருந்தால்? அக்கேள்வி எழுந்த இடத்திலேயே என் மனம் நின்றுவிட்டது. திரும்பும்போது சாரலின் குளிர்ச்சியை நான் உணரவே இல்லை.

நீர் குறைந்ததன் காரணம் விரைவில் அகப்பட்டது. தொட்டியின் அடியில் உள்ள ரப்பர்க் குழாய் ஓரிடத்தில் வெடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அதனை மாற்றிக் கம்பியால் இறுகக் கட்டினோம். ஆனால் எனக்கு அச்சம் தந்தது அந்தச் சொட்டு அன்று. எந்த வண்டியிலும் நீர் குறையும். அதனை அறிவிக்க வேண்டிய ஒன்று வாய்மூடி இருந்ததே என் கவலை. தென்காசியில் வண்டி பழுதுபார்ப்பவர் ஒருவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போச்சு சார். மெட்ராசுக்குத்தான் எழுதணும். வர மாசக்கணக்காகும்" என்றார். எங்களிடம் மாதங்கள் இல்லை.

ஓட்டுநர் இதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. "இந்தக் கண்ணாடி எதுக்கு ஐயா? சூடு ஏறுனா எம் மூக்குக்குத் தெரியும்" என்றார்.

"ஐந்தருவியில் உம் மூக்கு எங்கே போயிருந்தது?" என்று கேட்டேன்.

"சாரல்ல சளி புடிச்சிருந்தது" என்றார், சற்றும் தயங்காமல்.

செத்துப்போயிற்று என்று ஒருவர் சொல்லிவிட்டதை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஏட்டுச்சுவடியில் ஒரு சொல் பொருந்தாது நின்றால், அது பிழையா, நம் அறிவின் குறையா என்று பிற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்வது எனக்குப் பழக்கம். மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் சென்றேன். வெந்நீர்ப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தண்டினை அதனுள் அமிழ்த்திப் பிடித்தேன். கோடு குடுகுடுவென்று ஏறிக் கீறலைத் தாண்டி நின்றது. எடுத்துத் தண்ணீர்த் தவலையில் இட்டேன், இறங்கியது. மீண்டும் பானையில் இட்டேன், ஏறியது.

என் மாமியார் வாயிற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அடுப்படியில வந்து மோட்டார வேகவைக்கிற மாப்பிள்ளைய நான் இப்பதான் பாக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது உசிரோட இருக்கா?" என்று கேட்டார். அவர் மனத்திலும் அதே கலக்கம் இருந்தது என்பதை அக்கேள்வி காட்டியது.

கருவி உயிரோடுதான் இருந்தது. எனவே என் குழப்பம் இருமடங்காயிற்று. வண்டியை முற்றத்தில் நிறுத்தி, பொறியை மட்டும் நெடுநேரம் ஓடவிட்டோம். கோடு மெல்ல ஏறிக் கீறலைத் தொட்டது. சரியாகவே சொல்கிறது! உடனே தென்காசி வரை ஓட்டிச் சென்று திரும்பினோம். கோடு அடியில் கிடந்தது. மூடியைத் திறந்து விரல் வைத்தால் பொறுக்க முடியாத சூடு. நின்றால் மெய் பேசுகிறது. ஓடினால் பொய் பேசுகிறது. சாரல் விழுந்து கண்ணாடியைக் குளிர்விக்கிறதோ என்று ஐயுற்று, வெயில் அடித்த ஒரு நாள் முழுவதும் காத்திருந்து மீண்டும் ஓட்டினோம். அன்றும் அவ்வாறே. பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அச்சிவப்புக் கோடு என் கண்முன் நின்றது. மாணவர் கேட்ட ஐயத்துக்கு வேறு ஏதோ விடை சொன்ன நாள்களும் உண்டு.

அக்கிழமை மாலை ஒன்றில் என் மனைவி முற்றத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். நானும் ஓட்டுநரும் மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தோம்.

"இங்கேருங்க. அன்னைக்குப் பானையில அத முக்கித்தான புடிச்சிய?" என்றாள்.

"ஆம்."

"வண்டிக்குள்ள அது முங்குதா?"

நான் அவளை நோக்கினேன். அவள் என்னை நோக்கவில்லை. தன் வயிற்றின்மேல் கைவைத்தபடி மூடியையே நோக்கிக்கொண்டிருந்தாள். "பானைக்கு மேல கைய நீட்டுனா கொதிக்கிதா இல்லியான்னு எப்படித் தெரியும்? காத்தடிச்சா ஆவி அங்கிட்டுப் போயிரும். நீங்க எம்புட்டு ஆழத்துல அது இருக்குன்னு பாத்தியளா?"

பார்க்கவில்லை. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கினை உருவித் தொட்டியின் வாய்வழியே விட்டு, நீர் நனைத்த இடத்தைக் குறித்தேன். மூடியின் தண்டினை அதனருகே பிடித்தேன். தண்டின் நுனி நீருக்கு வெகு மேலே, கழுத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்பது தெளிவாயிற்று. வண்டி நின்றிருக்கையில் கழுத்தில் ஆவி தேங்கும். கருவி சூட்டைக் காட்டும். ஓடுகையில் எதிர்க்காற்று அக்கழுத்தைக் குளிர்விக்கும். உள்ளே நீர் கொதித்தாலும் கருவி காற்றின் குளிர்ச்சியையே காட்டும். அது பொய் சொல்லவில்லை. தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தை உள்ளவாறே சொன்னது. நாங்கள்தாம் அதனை வேறிடத்தில் உட்காரவைத்திருந்தோம்.

"இதைச் செய்தவன் தண்டினை ஏன் இவ்வளவு குட்டையாக வைத்தான்?" என்றேன்.

ஓட்டுநர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூடியின் அடியில் இருந்த தடித்த தோல்வளையத்தை நகத்தால் நெம்பினார். அதன்கீழே இன்னொரு வளையம் இருந்தது. இரண்டும் கமலைத் தோலில் அறுத்தவை.

"ஆச்சிதான் ஐயா..." என்று இழுத்தார்.

விவரம் அப்போதுதான் வெளிவந்தது. சில மாதங்களுக்கு முன், மூடியின் பழைய ரப்பர் வளையம் நைந்து, ஓடும் வண்டியில் கொதிநீர்த் துளிகள் காற்றோடு பின்னால் தெறித்திருக்கின்றன. ஒரு துளி என் மனைவியின் கையில் பட்டதும் என் மாமியார் ஓட்டுநரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். இனி ஒரு சொட்டும் வரக்கூடாது என்று அவர் உத்தரவிட, ஓட்டுநர் செருப்புத் தைப்பவரிடம் சென்று, நீர் இறைக்கும் கமலையின் தோலில் ஒன்றுக்கு இரண்டாக வளையம் அறுத்து வாங்கி வைத்து இறுக்கிவிட்டார். சொட்டு நின்றது. மூடி அவ்வளவுக்கு உயர்ந்தது. தண்டும் அதனோடு உயர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சிமேல் வெந்நீர் படக்கூடாது என்ற பரிவே அவளை ஏற்றிச்செல்ல வேண்டிய வண்டியின் கண்ணைக் கட்டியிருந்தது.

"நான் சொன்னது சொட்டக் கூடாதுன்னு. அது கண்ண அவிக்கச் சொன்னேனால?" என்று என் மாமியார் ஓட்டுநர்மேல் பாய்ந்தார்.

"ரெண்டும் ஒரே ஓட்டையிலதான ஆச்சி இருக்கு" என்றார் அவர்.

சைக்கிள் சக்கரத்தின் ரப்பர்க் குழாயிலிருந்து மெல்லிய வளையம் ஒன்று வெட்டிப் பொருத்தினோம். நீரைக் கழுத்தளவு நிரப்பினோம். தண்டின் நுனி நீரில் நன்கு மூழ்கியது. மறுநாள் சுந்தரபாண்டியபுரம் வரை ஓட்டி, நிற்கும் இடந்தோறும் கோட்டையும் நீரையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒத்தன. ஓட்டுநர் நிறைவடைந்தார். நான் அடையவில்லை. ஒருமுறை பொய்த்ததை மறுமுறை நம்புவது எளிதன்று. குறை நீங்கிவிட்டதா, ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று என் உள்ளம் அரித்துக்கொண்டே இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு முற்பகல். வகுப்பில் இருந்தேன். வெளியே வண்டியின் ஊதல் விடாது ஒலித்தது. எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் வண்டியைப் பள்ளி வாயிலில் நிறுத்தியிருந்தார். பின்னிருக்கையில் என் மனைவி, அவளை அணைத்தவாறு என் மாமியார். கையில் இருந்த புத்தகத்தோடு ஓடிச்சென்று முன்னிருக்கையில் ஏறினேன்.

"எப்போதிலிருந்து?" என்றேன்.

"விடியவே சுருக்குசுருக்குன்னுச்சு. இவ சொல்லல" என்றார் என் மாமியார்.

"சும்மா வலின்னு நெனச்சேன்" என்றாள் அவள். அடுத்த சொல் வருவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தென்காசியைத் தாண்டினோம். கணவாய் வழியே வரும் மேல்காற்று அன்று பேய்க்காற்றாக வீசியது. சாலையோரத்துப் பனைகளின் ஓலைகள் யாவும் கிழக்கு நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன. காற்று பின்னால் இருந்து தள்ளுவது நல்லதென்றே எண்ணினேன். பாவூர்ச்சத்திரத்தைக் கடந்த சிறிது நேரத்தில் கோடு கீறலை நோக்கி நகரத் தொடங்கியது. இத்தனை நாளும் கோடு ஏறாமல் இருப்பதைக் கண்டு அஞ்சியவன், இப்போது ஏறுவதைக் கண்டு அஞ்சினேன். அது கீறலைத் தொட்டது. தாண்டியது.

"பழைய புத்தியக் காட்டுது ஐயா" என்றார் ஓட்டுநர். "அன்னைக்குக் கீழ நின்னு ஏமாத்துச்சு. இன்னைக்கு மேல ஏறி ஏமாத்துது. கெளம்பும்போது வெள்ளம் கழுத்து மட்டும் ஊத்தியிருக்கேன். நிக்க வேண்டாம், போயிருவோம்."

"நிக்கவே கூடாது" என்றார் பின்னாலிருந்து என் மாமியார்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு விரைந்து சிந்தித்ததில்லை. நின்றால் காலம் போகும்; அது குழந்தையின் மூச்சு. நிற்காமல் சென்று பொறி இறுகிவிட்டால், இவ்வெளியில் மாட்டுவண்டி தேடி அலைய வேண்டியிருக்கும். அது குழந்தையோடு தாயும் போகும் வழி. எது பொய்? முன்பு நாங்கள் கண்ட குறை, தண்டு நீரை எட்டாத குறை. அது கோட்டைத் தாழ்த்தும், ஒருபோதும் உயர்த்தாது. அதே குறை திரும்பியிருந்தால் கோடு கீழேதான் கிடக்கும். மேலே ஏறியிருக்கிறது என்றால் சூடு மெய்யாகவே இருக்க வேண்டும். ஆனால் நீர் நிறைந்திருக்க ஏன் சூடேறுகிறது?

அப்போது எங்கள் வண்டி கிளப்பிய புழுதியைக் கண்டேன். அது பின்னால் விழவில்லை. எங்களோடு உடன் வந்துகொண்டிருந்தது. சில வேளை எங்களை முந்தியும் சென்றது. என் முகத்தில் காற்றே படவில்லை என்பதை அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். காற்றும் வண்டியும் ஒரே திசையில் ஒரே விரைவில் சென்றுகொண்டிருந்தன. தொட்டியின் நீரை ஆற்ற வேண்டிய எதிர்க்காற்று ஒரு மூச்சும் அதன் வழியே புகவில்லை.

"நிறுத்தும். கோடு மெய் சொல்கிறது" என்றேன்.

ஓட்டுநர் என் முகத்தையும் புழுதியையும் மாறிமாறிப் பார்த்தார். வாதாடவில்லை. "அணைச்சாக் கொதிச்சிரும் ஐயா. மலையில செய்யுத மாதிரி காத்துக்கு மூஞ்சிய காட்டுவோம்" என்று சொல்லிக்கொண்டே, வயலுக்குள் இறங்கும் வண்டித்தடம் ஒன்றில் ஒடித்து, வண்டியை முழுவதும் திருப்பினார். பொறி மெல்ல ஓட, வண்டி மேற்கு நோக்கி நின்றது. மலை எங்கள் எதிரே எழுந்தது.

என் மாமியார் அலறிவிட்டார். "மாப்பிள! வீட்டப் பாத்தா திருப்புதிய? போற காரியத்துல பாதியில திரும்பலாமா? எம் பிள்ளைய என்ன செய்ய நெனச்சிருக்கிய?" என்று இருக்கையில் எழுந்து நின்று வயிற்றில் அடித்துக்கொண்டார். எப்படி விளக்குவது? காற்று, கழுத்து, கோடு என்று நான் ஏதேதோ சொன்னேன். அவர் செவியில் ஒன்றும் ஏறவில்லை. 'திரும்பிவிட்டது' என்ற ஒன்றே அவருக்குத் தெரிந்தது. இருமுறை அவர் மடியில் இறந்து கிடந்த குழந்தைகளை நினைத்தால், அவரைக் குறைகூற என்னால் இயலவில்லை.

"எம்மா, செத்த நேரம் சும்மா இரும்மா" என்றாள் என் மனைவி, மூச்சுவாங்க. பிறகு என்னிடம், "எறங்குதா?" என்றாள்.

இறங்கவில்லை. காற்று இப்போது முகத்தில் அறைந்தது, துணிக்கூரை படபடத்தது. அவ்வழியே பருத்திப் பொதி ஏற்றிவந்த ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "திருநவேலிக்கா, தென்காசிக்கா? ரெண்டுக்கும் இல்லாம நடுவுல நிக்கியளே" என்றார். பின்னிருக்கையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு மறைந்தது. கேட்காமலே இறங்கிப்போய்த் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர் கொண்டுவந்து வைத்தார்.

"எறங்குதா?" என்றாள் அவள் மீண்டும்.

கோடு அசைந்தது போல் இருந்தது. என் ஆசைதான் அதனை அசைக்கிறதோ என்று ஐயுற்றேன். ஓட்டுநரும் பார்த்தார். "எறங்குது" என்றார். அது கீறலுக்குக் கீழே வந்ததும் நனைந்த சாக்கால் மூடியைச் சிறிது திருகி, ஆவியைப் போக்கி, நீர் வார்த்து, மீண்டும் கிழக்கே திருப்பினார். என் மாமியார் கண்களை மூடி முருகனை அழைத்துக்கொண்டிருந்தார். வண்டி கிழக்கே திரும்பியதை அவன் அருள் என்றே அவர் இறுதிவரை நம்பினார்.

ஆலங்குளத்துக்கு முன்பும் பின்பும் அவ்வாறே நின்றோம். ஒவ்வொரு முறையும் வீட்டை நோக்கித் திரும்பி, அக்கோடு இறங்கும்வரை, அவள் வலியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். கண்ணாடியை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கும் துணிவு இல்லாமையும் அதற்கு ஒரு காரணம்.

பேட்டையைக் கடந்து, ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது பிற்பகல் சாய்ந்துவிட்டது. மருத்துவமனை வாயிலில் அவளை இறக்கியதும் அந்த மருத்துவரே வந்தார். அவளைத் தொட்டுப் பார்த்தவர் உடனே உள்ளே கொண்டுசெல்லும்படி சைகை செய்தார். கதவு மூடிற்று. ஓட்டுநர் வண்டியருகே குந்தினார். என் மாமியார் சுவரோரம் அமர்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

உள்ளிருந்து ஓசைகள் வந்தன. பின்னர் அவை நின்றன. குழந்தை பிறந்துவிட்டது என்று ஒரு செவிலி கதவைத் திறந்து சொன்னாள். ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. அழுகுரலுக்காகச் செவியைத் தீட்டிக்கொண்டு நின்றோம். வரவில்லை. முன்னைய இருமுறையும் நான் கேட்ட அதே அமைதி. என் மாமியார் தலையைச் சுவரில் சாய்த்துவிட்டார். நீரைத் தெளிப்பது போன்றும், எதையோ தட்டுவது போன்றும் ஒலி கேட்டது. பிறகு பூனைக்குட்டி கத்துவது போல மெலிந்த ஒரு குரல். இடையில் அறுந்து, மீண்டும் சற்று வலுத்து எழுந்தது.

மருத்துவர் வெளியே வந்து பெண் குழந்தை என்றார். "தாய் நலம். குழந்தை மூச்சுக்குத் திணறியது. இன்னும் சிறிது தாமதித்திருந்தால்..." என்று தொடங்கியவர், என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த முற்றுப்பெறாத தொடர் இன்றும் என்னுள் இருக்கிறது. நான் நிறுத்திய நிறுத்தங்கள்தாமே அத்தாமதம்? நில்லாமல் சென்றிருந்தால் அவள் முன்னமே வந்து சேர்ந்து, குழந்தை உடனே அழுதிருக்குமா? அல்லது பொறி இறுகி, ஒருபோதும் வந்து சேர்ந்திருக்க மாட்டோமா? வண்டியைப் பற்றிய என் முடிவு சரியென்றே அறிவு சொல்கிறது. ஆனால் அக்குழந்தை நெடுநாள் வரை சிறு காய்ச்சலுக்கும் மூச்சிரைத்தபோதெல்லாம் அறிவின் பேச்சு எனக்குப் போதவில்லை.

பொறிகளைப் பற்றி நான் முறையாகக் கற்றவன் அல்லன். தண்டு, கழுத்து, வளையம் என்று நான் எழுதியவற்றுள் உறுப்புகளின் பெயரும் இயல்பும் தவறியிருக்கலாம். பின்காற்றால் மட்டுமே நீர் அவ்வளவு சூடேறுமா, வேறு பழுதும் உடன் இருந்து நான் காணத் தவறினேனா என்பதும் எனக்கு உறுதியில்லை. நின்ற இடங்களின் வரிசையில் என் மனைவி ஏற்கெனவே இரண்டைத் திருத்திவிட்டாள். மூன்றாவதில் எங்களுக்குள் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. அத்தகைய பழைய வண்டிகளை ஓட்டியவரும் பழுது நீக்கியவரும் இதனைப் படிக்க நேர்ந்தால், நான் பிழைபடச் சொன்னவற்றைத் தயங்காது எடுத்துக்காட்ட வேண்டுகிறேன். சிறப்பாக, அன்று நிற்காமலே சென்றிருக்கலாம் என்பது அவர்கள் கருத்தாயின், அதனையும் எனக்காக மென்மைப்படுத்தாமல் தெரிவித்தல் வேண்டும்.